வெட்டு இல்லை என்று சொன்ன வாரம்

சர்க்கரை ஆலையில் எனக்கு பீல்டுமேன் வேலை. யார் தோட்டத்தில் எந்த மாசம் கரும்பு நட்டார்கள், எப்போது முதிரும், எந்த நாளில் வெட்டலாம் என்று பார்த்து எழுதுவேன். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வாங்கி வந்து விவசாயி கையில் கொடுப்பதும் நான்தான். கச்சிராயபாளையத்தைச் சுற்றி பதினோரு ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. சைக்கிளை நிறுத்தினால் போதும், "பீல்டுமேன் வந்துட்டாரு" என்று யாராவது டீக்குச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லாமல் கத்தி கரும்பில் படாது. இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த காரியம் அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் வீடு மலையடிவாரத்தில், ஊரின் கடைசியில். வாசலுக்கு எதிரே கரும்பு. கரும்புக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடையைத் தாண்டினால் வேலிக்காத்தான் முள்ளும் புதரும். அதற்கு மேல் கல்வராயன் மலை ஏற ஆரம்பித்துவிடும். என் மனைவி வெள்ளாடு வளர்த்தாள். அவள் அம்மா வீட்டிலிருந்து ஓட்டி வந்த இரண்டு ஆடு ஏழாகி, குட்டிகளோடு பன்னிரண்டு ஆகியிருந்தது. செல்போன் எங்கள் ஊருக்கு வராத வருஷங்கள் அவை.

ஒரு மாசி மாசத்தில் ஒரே வாரத்தில் எங்கள் பட்டியிலிருந்து இரண்டு குட்டிகள் போயின. ஊர் முழுக்க "மர்ம விலங்கு" என்று பேச்சு. சிறுத்தை மலையை விட்டு இறங்கிவிட்டது என்றார்கள். ஒருத்தர் அதன் வாலைப் பார்த்ததாகவே சொன்னார். நானும் போகிற ஊரிலெல்லாம் சிறுத்தை என்றே சொன்னேன். நரி கொண்டுபோயிற்று என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்தது.

என் மனைவி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலையில் பட்டியைச் சுற்றிக் குனிந்தபடியே நடந்தாள். படலுக்கு அடியில் மண் பறித்திருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சாண் அகலம்கூட இல்லை.

"இதுல சிறுத்த எப்படி பூரும்? நரிதாங்க. பாருங்க, நாய்க் கால்தடம் மாதிரியே இருக்குது. ஆனா ஒல்லி."

"நீ கண்டே" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. ஓடையிலிருந்து பட்டைக்கல்லாகப் பார்த்துப் பொறுக்கித் தலையில் சுமந்து வந்து, பட்டியைச் சுற்றி அடியில் ஒரு முழ அகலத்துக்குப் பதித்தாள். மண்ணைப் பறிக்க வருகிற நரிக்குக் கல்தான் கிடைக்கும். அதற்கு மேல் முள்ளை வைத்து இறுக்கிக் கட்டினாள். ஆடு ஈன்றால் விழுகிற நஞ்சுக்கொடியை எல்லோரும் குப்பைமேட்டில் எறிவோம். அவள் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தாள். "வாசனதான் அதுக்குக் கடுதாசி. நாமளே போட்டுட்டு, அப்பால வந்துச்சேன்னு அழுவுறோம்" என்றாள். செத்த கோழியைக்கூட வேலிக்கு வெளியே எறியவிடவில்லை. அதன்பிறகு எங்கள் பட்டியில் ஒரு குட்டிகூடப் போகவில்லை.

இது வரைக்கும் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, நம்ம குட்டிங்க ரெண்டு போச்சே, அப்போ எதுத்தாப்ல கரும்பு வெட்டினாங்களா?"

டைரியைப் புரட்டினேன். குட்டிகள் போன வாரத்துக்கு நாலு நாள் முன்னால் அந்தத் தோட்டம் வெட்டு.

"அதுக்கு முந்தி மேலத்தெருவுல ஆட்டுக்குட்டி போச்சுன்னாங்களே? பொங்கலுக்கு அப்பால?"

பார்த்தேன். மேலத்தெரு ஒட்டின தோட்டம், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வெட்டு.

இப்படி ஐந்து சேதங்களைக் கேட்டாள். நாலு பொருந்தியது. கரண்டியைக் கையில் வைத்தபடியே அவள் சொன்னாள்: "நரி மலையில இல்லீங்க. கரும்புக்குள்ளதான் வூடு கட்டிக்கினு இருக்குது. பத்து மாசம் யாரும் உள்ள போறதில்ல. எலி இருக்குது, தண்ணி இருக்குது, குட்டி போட நெழலு இருக்குது. திடீர்னு ஒருநாள் வெட்டிட்டா அது எங்க போவும்? கண்ணு மண்ணு தெரியாம பக்கத்துல இருக்கிற பட்டிக்குத்தான் வரும்."

ஒன்பது வருஷமாக அந்தத் தேதிகளை என் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தத் தோட்டம், எந்த நாள், எத்தனை ஆள், எல்லாம் அந்த டைரியில் இருந்தது. அதில் நரி இருந்தது எனக்குத் தெரியவில்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, டைரியைத் தொடாமலே அவள் படித்துவிட்டாள். நியாயமாக நான் அசந்துபோயிருக்க வேண்டும். எனக்கு வந்தது அது இல்லை. என் சட்டைப்பையில் இருந்த எதையோ அவள் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தாள். புருஷன் செத்துப்போய், கரும்பு வெட்டும் களையெடுப்பும் செய்து பிழைத்தவள். நிலம் கிடையாது, நாலைந்து ஆடுதான் சொத்து. அந்த அக்கா மூலமாக வெட்டு மேஸ்திரிக்கு என் மனைவி சொல்லி அனுப்பினாள்: ஊர்ப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பியுங்கள், ஓடைப் பக்கத்து வரிசைகளைக் கடைசியில் வெட்டுங்கள். அப்படி வெட்டினால் நரி மெதுவாகப் பின்வாங்கி, ஓடையைத் தாண்டிப் புதருக்குள் போய்விடும், ஊருக்குள் வராது. மேஸ்திரிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் அதே கரும்புதான். செய்தான். வெட்டு முடிகிற வரைக்கும் அக்கம்பக்கத்து ஆடுகளைச் சாயங்காலம் சீக்கிரமே அடைக்கச் சொன்னாள். அந்த வருஷம் எங்கள் தெருவில் சேதமே இல்லை.

அதற்கு முன்னால் எங்கள் ஊரில் நரிக்கு ஒரே மருந்துதான். கறித்துண்டில் பயிருக்கு அடிக்கிற விஷத்தைத் தடவி ஓடையோரம் போட்டுவிடுவார்கள். நரி சாகும், ஊர் நாய் சாகும், காக்கா சாகும், ஒரு தடவை மயில்கூடச் செத்துக் கிடந்தது. என் மனைவிக்கு அது ஆகாது. "அதுவும் புள்ளகுட்டிக்காரிதான். அதக் கொல்லாமலே நாம பொழைக்க முடியும்னா எதுக்குக் கொல்லணும்?" என்பாள்.

ஊர் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ரேஷன் கடையில், "அடுத்த வெட்டு எப்போ?" என்று அவளைக் கேட்டார்கள். அவள் என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். அவள் ஊருக்குச் சொன்னாள். தேதி என்னுடையது, பேர் அவளுக்கு. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நரியம்மா வூட்டுக்காரர்தானே நீங்க?" என்றார். பதினோரு ஊருக்கு பீல்டுமேனாக இருந்தவனை அப்படிக் கேட்டார். ஆமாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தடுப்பூசி போட கள்ளக்குறிச்சியிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். எங்கள் பட்டியைப் பார்த்துவிட்டு நின்றார். கல் பதித்ததைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு திண்டில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் என் பக்கம் திரும்பி, "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாறீங்களா?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பை என்னிடமே நீட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தச் சொம்பை நான் கழுவாமல் அப்படியே தொட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போனேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. "வயிறு சரியில்லையா?" என்று கேட்டு சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்த டாக்டர் மலையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தை நாளில் மலைக்காரர் ஒருவர், புளி விற்க வந்தவர், வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். தன் பட்டியில் குட்டிகள் போகின்றன, அந்தம்மா ஒரு தடவை வந்து பார்த்தால் நல்லது என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மரங்களை வேடிக்கை பார்த்தபடி வந்தாள்.

அவர் வீடு ஒரு சரிவில் இருந்தது. கீழே சாமை அறுத்த கொல்லை. ஆடுகளுக்கு மரக்கால் நட்டு, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியாகப் பரண் மாதிரி கட்டியிருந்தார். என் மனைவி வந்த கையோடு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பரணுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவள் பின்னாலேயே குனிந்துகொண்டு போனார்கள். நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் மரியாதையாக என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க இன்னா வேல பண்றீங்க?" என்றார்.

சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். கரும்பே போடாத அந்த மனிதர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அப்போ நரி வர்ற கணக்கெல்லாம் நீங்க சொல்லித்தான் அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஒரு நிமிஷம் சுகமாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தால் பரணுக்கு வெளியே தலையை நீட்டியபடி அவள் நின்றிருந்தாள், தலைமுடியில் சிலந்தி வலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவரிடம் அவள் சொன்னது இதுதான்: "பரண் நல்லா இருக்குதுங்க, இப்படி எங்க ஊர்ல யாருக்கும் கட்டத் தெரியாது. ஆனா நஞ்சுக்கொடிய சரிவுல எறியறீங்க. அதப் புதைங்க. மத்தபடி எங்க ஊர்ல கரும்பு, இங்க சாமையும் காடும். எது எப்போ எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு நீங்கதான் பாத்து வைக்கணும். எனக்குத் தெரியாது." எனக்குத் தெரியாது என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதைச் சொல்லியும் அவள் மதிப்பு குறையவில்லை. வரும்போது சாமையும் ஒரு பலாப்பழமும் கட்டிக் கொடுத்தார்கள். அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

பஸ் இறங்கும்போது அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்துவிட்டாள். பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தேன்.

அடுத்த வருஷம், ஆலையில் கரும்பு அரவை நடக்கும்போது ஒரு திங்கட்கிழமை. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டதால் கீழ்ப்பக்கத்து ஊரில் ஒரு தோட்டத்துக்குள் டிராக்டர் இறங்க முடியவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த தோட்டத்தை முன்கூட்டியே வெட்டச் சொல்லி ஆலையில் உத்தரவு போட்டுக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை வெட்டு. அது இரண்டாம் வருஷக் கரும்பு, புதர் மாதிரி அடர்த்தி. உள்ளே நரி இருப்பது எனக்கே தெரியும், சாயங்காலத்தில் ஊளை கேட்கும்.

உத்தரவு என் சட்டைப்பையில் இருந்தது. வீட்டுக்குள் நுழைகிறேன், அவள் தழை கட்டிக்கொண்டே கேட்டாள்: "இந்த வாரம் நம்ம பக்கம் ஏதாச்சும் வெட்டு இருக்குதாங்க?"

"இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். என்ன நினைத்துச் சொன்னேன் என்று பலதடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நரி வர வேண்டும், குட்டி சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்த ஒரு தேதியாவது என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவள் உணராவிட்டாலும் நானாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. செவ்வாயும் புதனும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். வெளியூர் வெட்டு ஆட்கள், எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்கள். ஓடைப் பக்கம் நின்று கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது சார்?" என்று கேட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"உங்க இஷ்டம்" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

ஓடையிலிருந்து ஊரைப் பார்த்து வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மதியத்துக்குள் பாதித் தோட்டம் சாய்ந்துவிட்டது. வெட்டுச் சத்தம் கேட்டு என் மனைவி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் ஓடைப் பக்கம் வெட்டவெளி ஆகிவிட்டது. நம் ஆடுகளையும் பக்கத்து வீட்டு ஆடுகளையும் அவள் அவசர அவசரமாக அடைத்தாள். அந்த அக்கா மலைப் பக்கம் களையெடுக்கப் போயிருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால், மூங்கில் கூடைக்கு அடியில் மூன்று குட்டிகள் இருந்தது என் மனைவிக்குத் தெரியாது. ஈன்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அக்கா வேலையிலிருந்து வந்து பார்த்தாள். கூடை கவிழ்ந்து கிடந்தது. இரண்டு குட்டி கழுத்துக் கடிபட்டுச் செத்திருந்தன. மூன்றாவது இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் கூட்டம். அந்த அக்கா அழவில்லை, செத்த குட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆம்பளைகள்தான் சத்தம் போட்டார்கள். "நரிக்குப் பாவம் பாத்து இன்னா ஆச்சு? இந்தக் குட்டியிலயே மருந்து தடவி ஓடையில போட்டுடலாம். எல்லாம் ஒழிஞ்சிடும்." ஒருத்தர் என் மனைவியைப் பார்த்து, "வெட்டுன்னா முன்னாடியே சொல்லுவேன்னு சொல்லிக்கினு இருந்தியேம்மா. இப்போ ஏன் சொல்லல?" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உத்தரவு முன்பே வந்துவிட்டது, அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவளிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எம்மேலதான் தப்பு" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இந்த வாரம் இவரக் கேக்காம வுட்டுட்டேன். ஆட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு மறந்துட்டேன்."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. "செரி, பொம்பள, மறந்துட்டா" என்றார் ஒருவர். அந்த அக்காவே, "வுடுங்க, அவ இன்னா பண்ணுவா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வதானால் அதற்குள்ளும் பொறாமை இருந்தது. தப்பை ஏற்றுக்கொள்வதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். அதற்கும் ஊர் அவளிடம் பிரியமாகத்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றுவதும் அவள் கைக்குப் போய்விட்டது.

மருந்து வைக்க மட்டும் அவள் விடவில்லை. ஒரு நாள் பொறுங்கள், நாளைக்குள் நானே எல்லார் பட்டியையும் பார்த்துக் கட்டித் தருகிறேன் என்று கெஞ்சினாள். "நாளைக்குக் காலையில வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று முழுக்க அவள் ஒவ்வொரு பட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள், போய்விட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் எல்லோரும் கேனோடு நின்றார்கள். மருந்து வைக்கப் போகிறவர்களும் அங்கேதான் இருந்தார்கள். அந்த அக்கா யாருக்கோ பால் ஊற்ற வந்திருந்தாள். எங்கள் வீட்டில் மாடே கிடையாது, நான் அங்கே போனதே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"அவ என்னைக் கேட்டா" என்றேன். "திங்கட்கிழமையே கேட்டா. வெட்டு உத்தரவு என் பையிலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன். மேஸ்திரி கேட்டப்பவும் சொல்லல. அவ சொன்ன மாதிரி செஞ்சிருந்தா குட்டி போயிருக்காது."

பால் அளப்பவர் கையை நிறுத்திவிட்டார். யாரோ சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன் தம்பி?" என்றாள் அந்த அக்கா. "நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"உங்களுக்குன்னு செய்யலக்கா."

"அப்போ யாருக்குன்னு செஞ்சே?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமலே. பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்டாட்டி பேரு பெருசாயிட்டா ஆம்பளைக்கு இப்படித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மருந்து வைக்க வேண்டும் என்று நேற்று முன்னால் நின்றவர், செத்த குட்டிகளைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டார். நரி மேல் இருந்த கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது, ஓடையில் விஷம் விழவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"அந்த அக்காவுக்கு நம்ம பட்டியிலேர்ந்து ரெண்டு பொட்டக் குட்டி குடுத்துடலாம்" என்றேன்.

அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங் குட்டிய எடுத்துக் குடுத்து உங்க பேரக் காப்பாத்திக்கப் பாக்குறீங்களா? வேணும்னா நான் குடுப்பேன், அது வேற. நீங்க உங்க கையால ஏதாச்சும் பண்ணுங்க."

என் கையில் என்ன இருந்தது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஓடையிலிருந்து கல் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு நடைக்கு நாலு கல்தான் வரும். மூன்று ஞாயிறு ஆயிற்று. அந்த அக்கா வீட்டுக்குப் பின்னால் புதுசாகப் பட்டி கட்டினேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கல்லு ஆடுது" என்று காலால் தட்டிக் காட்டினாள். பிடுங்கி மறுபடி பதித்தேன். "முள்ள உள்பக்கம் கட்டாதீங்க, குட்டிக்குக் கண்ணுல குத்தும்." அவிழ்த்து வெளிப்பக்கம் கட்டினேன். கட்டி முடித்த அன்று அந்த அக்கா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "அந்தம்மா சொன்ன மாதிரியே கட்டியிருக்காரே" என்றார்கள். பரவாயில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முழுசாக முடியவில்லை.

அப்புறம் வெட்டு உத்தரவு வந்தால் முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுப்பாள். கேள்வி கேட்க மாட்டாள், நான் காட்ட வேண்டும் என்று இருந்தாள். சந்தேகம் அவளை விட்டுப் போக ரொம்ப நாள் பிடித்தது.

பங்குனி கடைசியில் எங்கள் பக்கத்துக் கடைசித் தோட்டம் வெட்டு. அன்று நான் வேறு எங்கும் போகவில்லை. மேஸ்திரியை ஊர்ப் பக்கம் கூட்டிவந்து நிறுத்தி, இங்கிருந்து ஆரம்பியுங்கள், ஓடையோரம் பத்து வரிசையைச் சாயங்காலத்துக்கு விட்டுவையுங்கள் என்று சொன்னேன். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்து, மீதியிருந்த வரிசைகளுக்குக் கத்தி நெருங்கியபோது, கரும்பு ஓரமாக ஒரு நரி வெளியே வந்தது. நாய் அளவுகூட இல்லை. ஒல்லியாக, காய்ந்த கரும்புச் சோகையின் நிறத்தில் இருந்தது. வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தது. குட்டி காலைத் தொங்கவிட்டு அசையாமல் இருந்தது. நரி எங்களைப் பார்த்தது, ஓடையில் இறங்கியது, அந்தப் பக்கம் ஏறிப் புதருக்குள் மறைந்தது.

"இருங்கடா" என்றான் மேஸ்திரி. கத்திகள் நின்றன.

திரும்பி வந்தது. இன்னொரு குட்டி. மறுபடி வந்தது. நாலு தடவை. இருபது ஆட்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தர்கூட பீடி பற்ற வைக்காமல் நின்றிருந்தார்கள். நாலாவது நடைக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பார்த்தோம், வரவில்லை. பிறகு வெட்டை ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்குப் போய் முகம்கூடக் கழுவாமல் அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எத்தன குட்டி?"

"நாலு."

"வாயில கவ்விக்கினா போச்சி?"

"வாயிலதான். கழுத்துப் பிடரியப் புடிச்சிக்கினு. பூன கொண்டுபோவுமே, அப்படி."

"கண்ணு தொறந்திருச்சா குட்டிங்களுக்கு?"

"அவ்ளோ கிட்ட தெரியல."

அவள் மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "இம்மாம் வருசத்துல என் கண்ணுல ஒரு தபாகூடக் குட்டியோட பட்டதில்ல. ஓரமாப் போற வாலுதான் பாத்திருக்கேன். உங்களுக்குப் போய்க் காட்டிட்டுப் போயிருக்குது பாருங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது, அடுப்புச் சூட்டினால் மட்டும் இல்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஷேவிங் கண்ணாடியில் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சிரித்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மறுபடியும் சொல்லுங்க" என்றாள். "மொதல்லேர்ந்து. எந்தப் பக்கம் வந்துச்சு?"

பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.